மாரடைப்பும் மனச்சோர்வும்: குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் இதயப் பிரிவில் பல வருஷம் தாதியாக வேலை பார்த்தவள் நான். வார்டுக்கு வெளியே, மின்தூக்கிக்குப் பக்கத்தில், "மிஸ்ஸி, ஒரு நிமிஷம்" என்று கையைப் பிடித்து நிறுத்திய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) பற்றி, உப்பு பற்றி, எப்போது வேலைக்குப் போகலாம் என்பது பற்றியெல்லாம் டாக்டரிடமே கேட்டுவிடுவார்கள். "அவர் முன்ன மாதிரி இல்ல மிஸ்ஸி" என்பதை மட்டும் என்னிடம் தனியாகச் சொல்வார்கள். அப்படிக் கேட்டவற்றையும், ஆராய்ச்சிகள் அதற்கு என்ன சொல்கின்றன என்பதையும் இங்கே எழுதுகிறேன். மருந்தை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மருத்துவரோடு பேசித்தான் செய்ய வேண்டும்.

கவலையால் மாரடைப்பு வரும் என்பது உண்மையா, சும்மா சொல்வதா?

உண்மைதான். ஆனால் கவலை மட்டுமே தனியாக நின்று செய்வதில்லை.

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு இதில் பெரியது. 52 நாடுகளில், முதல் மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும், வராத அதே அளவு ஆட்களையும் ஒப்பிட்டார்கள். புகை, கொழுப்பு, ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவு, உடற்பயிற்சி இல்லாமை, மது அருந்தும் முறை ஆகிய ஒன்பது விஷயங்களும் சேர்ந்தே முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் சுமார் 90 விழுக்காட்டை விளக்கிவிட்டன. வேலையிலும் வீட்டிலும் உள்ள அழுத்தம், பண நெருக்கடி, மனச்சோர்வு போன்றவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது அதன் பங்கு மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாரடைப்பு வந்த பிறகுதான் அவர்களிடம் "மன அழுத்தம் இருந்ததா" என்று கேட்டார்கள். படுத்துக் கிடக்கும் மனிதர் பழைய வருஷத்தை நினைத்துப் பார்க்கும்போது கஷ்டங்கள்தான் முதலில் கண்ணுக்குத் தெரியும். அதனால் அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நலமாக இருப்பவர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த வேறு பல ஆய்வுகளும், மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னாளில் இதயநோய் கூடுதலாக வருவதைக் காட்டியிருக்கின்றன.

நம் இந்தியர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது? நாம்தான் அதிகம் கவலைப்படுகிறோமா?

கவலையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்றவர்களைவிட ஐந்தாறு வருஷம் முன்னால். காரணத்தைத் தேடிப் பார்த்தபோது, மேலே சொன்ன அதே ஒன்பது விஷயங்கள்தான் நமக்கு இளம் வயதிலேயே வந்து சேர்ந்துவிடுகின்றன என்று தெரிந்தது. சிங்கப்பூரிலும் சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் மாரடைப்பு விகிதம் அதிகம். 40 வயதில் இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறதா என்று பார்க்காமல் "டென்ஷன்தான் காரணம்" என்று முடித்துவிடாதீர்கள்.

மாரடைப்புக்குப் பிறகு சோர்ந்து போவது எல்லாருக்கும் சகஜம்தானே?

முதல் ஒன்றிரண்டு வாரம் சகஜம்தான். சாவின் விளிம்பைத் தொட்டுவிட்டு வந்தவர் உடனே சிரித்துப் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, "இனி எதுக்கு" என்ற பேச்சோடு இருந்தால் அது வெறும் சோர்வு அல்ல, மனச்சோர்வு என்ற நோய். மாரடைப்பு வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. 2016-ல் சிங்கப்பூர் மனநலக் கழகம் நடத்திய ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் 16 பேரில் ஒருவர். அதோடு வைத்துப் பார்த்தால், இதய வார்டில் எத்தனை பேர் இதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்பது புரியும்.

இதை ஏன் சீரியஸாக எடுத்துக்கொள்ள வேண்டும்? 1993-ல் கனடாவின் மோன்ட்ரியல் நகரில் மாரடைப்பு வந்த 222 பேரை ஆறு மாதம் பின்தொடர்ந்தார்கள். மனச்சோர்வு இல்லாதவர்களில் இறந்தவர்கள் 3 விழுக்காடு. மனச்சோர்வு இருந்தவர்களில் 17 விழுக்காடு. இதயம் எவ்வளவு பழுதாகியிருந்தது என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் அதன் பிறகு உலகம் முழுக்கப் பலர் செய்த ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டின. 2014-ல் அமெரிக்க இதயச் சங்கத்தின் நிபுணர் குழு, மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வை, நோயாளியின் நிலையை மோசமாக்கும் ஆபத்துக் காரணியாக முறைப்படி ஏற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

மனச்சோர்வு தவிர, பயமும் இருக்கிறது. எட்டுப் பேரில் ஒருவருக்கு, விபத்திலோ போரிலோ மாட்டியவர்களுக்கு வருவதைப் போன்ற அதிர்ச்சி அறிகுறிகள் வருகின்றன. கெட்ட கனவு, திடுக்கிடல், மருத்துவமனைப் பக்கமே போக மறுப்பது, மாத்திரையைப் பார்த்தாலே அந்த ராத்திரி ஞாபகத்துக்கு வருவது. இதைப் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டிவிடுகிறோம்.

மனசில் இருப்பது எப்படி ரத்தக்குழாய்க்குப் போகும்?

இரண்டு வழி. ஒன்று உடம்புக்குள்ளேயே. நாள் கணக்கில் அழுத்தத்தில் இருப்பவருக்கு அட்ரினலின், கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்கள் அடங்காமல் சுரக்கின்றன. இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று சுலபமாக ஒட்டிக்கொள்கின்றன. ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சி கூடுகிறது. 2017-ல் பாஸ்டனில் 293 பேரை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மூளையில் பயத்தைக் கையாளும் 'அமிக்டலா' என்ற பகுதி அதிகமாக வேலை செய்தவர்களுக்கு, அழற்சி அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையின் வேலையும் ரத்தக்குழாய் அழற்சியும் கூடியிருந்தன. பின்னால் இதயநோய் வந்தவர்களும் அவர்களிடையே அதிகம்.

இரண்டாவது வழி அன்றாடப் பழக்கம். என்னைக் கேட்டால் வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். சான் பிரான்சிஸ்கோவில் இதயநோயுள்ள 1,017 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு மறுபடி இதயப் பிரச்சினை வந்ததன் பெரும்பகுதியை அவர்களுடைய பழக்கங்களே விளக்கின. முக்கியமாக, உடம்பை அசைக்காமல் இருந்தது. மருந்து தவறியதும் புகைத்ததும் அதோடு சேர்ந்தவை.

ஒரு மாத்திரைப் பெட்டி எனக்கு மறப்பதே இல்லை. நீல நிறம், திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு வரிசை, ஒவ்வொன்றிலும் காலை, மதியம், இரவு என்று மூன்று மூடி. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் ஸ்டென்ட் வைத்து ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார். மனைவி பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். காலை மூடிகள் எல்லாம் காலி. காப்பியோடு சேர்த்து மனைவியே கையில் கொடுத்துவிடுகிறார். இரவு மூடிகளில் ஐந்து நாள் மாத்திரை அப்படியே இருந்தது. கொழுப்பு மாத்திரை அதில்தான். "மறந்துட்டேன்" என்றார். ஐந்து நாள் தொடர்ந்து யாரும் மறப்பதில்லை. ஏன் என்பது அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை. கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

'நெஞ்சு வெடித்துச் செத்தார்' என்று சொல்கிறோமே, அப்படி நடக்குமா?

நம் முன்னோர் வெறும் உவமையாகச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். 1994 ஜனவரி 17 விடியற்காலையில் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் பெரிய நிலநடுக்கம். வழக்கமாக அங்கே ஒரு நாளைக்குச் சராசரியாக ஐந்துக்கும் குறைவானவர்கள் திடீர் இதய மரணம் அடைவார்கள். அன்று மட்டும் 24 பேர். 2006 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது ஜெர்மனி ஆடிய நாள்களில் மியூனிக் வட்டாரத்தில் அவசர இதயப் பிரச்சினைகள் சுமார் 2.7 மடங்கு. இவர்களில் ஏற்கெனவே இதயநோய் இருந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் கூடியது.

இன்னொரு வகையும் உண்டு. ரத்தக்குழாயில் அடைப்பே இருக்காது. ஆனால் பெரிய துக்கச் செய்தி கேட்டு, இதயத்தின் இடது கீழறை பலூன் மாதிரி வீங்கி, சரியாகச் சுருங்காமல் போய்விடும். 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் இதற்கு 'டகோட்சுபோ' என்று பேர் வைத்தார்கள். அங்கே ஆக்டோபஸ் பிடிக்கும் பானைக்கு அந்தப் பேர். குறுகிய கழுத்து, உருண்டை வயிறு. வீங்கிய இதயமும் படத்தில் அப்படித்தான் தெரியும். மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் பெரும்பாலும் வருகிறது. பலர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள், ஆனாலும் ஆரம்ப நாள்களில் உயிருக்கு ஆபத்து உண்டு. எழவு வீட்டில் அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கிறது என்றால் "அழுது அழுது வந்தது" என்று ஓரமாகப் படுக்க வைக்காதீர்கள்.

நெஞ்சு படபடக்கிறது. மாரடைப்பா, மனப்பதற்றமா? வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. 995-ஐ அழையுங்கள்.

வாயு என்று ஓமத்தண்ணி கொடுத்து, தைலம் தேய்த்து, விடியும்வரை காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நெஞ்சை அழுத்துவது, கை, தாடை, முதுகுக்கு வலி பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது ஆகியவை இரண்டிலும் வரலாம். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் மூச்சுத்திணறலுமாக மட்டும் வரலாம். ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதயம் நன்றாக இருக்கிறது என்று உறுதியானதும், அப்புறம் பதற்றத்துக்கு வைத்தியம் பார்க்கலாம். "ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்" என்பதோடு விட்டுவிடாதீர்கள். திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பதற்றமும் ஒரு நோய்தான்.

மனச்சோர்வு மாத்திரை இதயத்தைக் கெடுக்காதா?

இந்தப் பயம் ஒரு காலத்தில் நியாயமானது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய ரக மருந்துகள் இதயத்துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியவை. மாரடைப்பு வந்தவர்களுக்கு அவற்றை இப்போது பொதுவாகத் தவிர்க்கிறார்கள். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்போ கடுமையான நெஞ்சுவலியோ வந்த, மனச்சோர்வும் இருந்த 369 பேரில் பாதிப் பேருக்கு செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். செர்ட்ரலின் இதயத்துக்குக் கெடுதல் செய்யவில்லை. அதிலிருந்து இதய நோயாளிகளுக்கு அதைத்தான் முதலில் யோசிக்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கை. இந்த வகை மாத்திரைகள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளோடு சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். கறுப்பாக மலம் போனாலோ, காரணமில்லாமல் உடம்பில் ரத்தம் கட்டினாலோ சொல்லுங்கள். சிட்டலோபிராம் என்ற மருந்துக்கு இதயத் துடிப்பு காரணமாக அளவுக் கட்டுப்பாடு உண்டு. 60 வயதுக்கு மேல் நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அறிவுரை. ஊரிலிருந்து யாராவது மூலிகை மாத்திரை வாங்கி வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். ஒளிக்க வேண்டாம், யாரும் திட்ட மாட்டார்கள்.

இரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர்தான் சோர்வாக்குகிறதா?

நெடுநாள் அப்படித்தான் நம்பினார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அது மனச்சோர்வை உண்டாக்குவதாகத் தெரியவில்லை. உடல் களைப்பும் விசித்திரமான கனவுகளும் சிலருக்கு வரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து.

மனச்சோர்வைச் சரிசெய்தால் ஆயுள் கூடுமா?

இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். அமெரிக்காவில் 2,481 பேரை வைத்து நடந்த 'என்ரிச்ட்' ஆய்வு 2003-ல் முடிவு சொன்னது. மாரடைப்பு வந்து, மனச்சோர்வோ துணையின்மையோ இருந்தவர்களுக்கு மனநல ஆலோசனை கொடுத்தார்கள். மனசு ஓரளவு தேறியது. ஆனால் மரணமும் மறு மாரடைப்பும் குறையவில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

2018-ல் தென்கொரியாவிலிருந்து வேறு முடிவு வந்தது. 300 நோயாளிகளுக்கு ஆறு மாதம் எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்து அல்லது வெற்று மாத்திரை கொடுத்து, சுமார் எட்டு வருஷம் பின்தொடர்ந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 40.9 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 53.6 விழுக்காட்டினருக்கும் பெரிய இதயப் பிரச்சினையோ மரணமோ நேர்ந்தது. நம்பிக்கை தருகிறது. ஆனால் அது ஒரே ஓர் ஆய்வு.

அதனால் "மனசைச் சரிபண்ணினால் பத்து வருஷம் கூடுதலாக வாழ்வீர்கள்" என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுப்பதில்லை. வலிக்கும் பல்லுக்கு வைத்தியம் பார்ப்பது ஆயுளைக் கூட்டவா? தூங்க முடிகிறது, சாப்பாட்டில் ருசி தெரிகிறது, பேரப்பிள்ளை மடியில் ஏறினால் தள்ளிவிடத் தோன்றவில்லை. வைத்தியம் பார்க்க இந்தக் காரணங்கள் போதும்.

நடைப்பயிற்சி மனசுக்கும் உதவுமா?

நன்றாகவே உதவும். 1999-ல் வெளியான ஆய்வில், மனச்சோர்வுள்ள 50 வயது தாண்டிய 156 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள்: ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒன்றுக்கு செர்ட்ரலின், ஒன்றுக்கு இரண்டும். 16 வாரத்தில் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. முதலில் பலன் தெரிந்தது மாத்திரைக் குழுவுக்குத்தான்.

இங்கே மருத்துவமனைகளின் இதய மறுவாழ்வுப் பயிற்சியும், சிங்கப்பூர் இதய அறநிறுவனத்தின் நல்வாழ்வு நிலையங்களும் இருக்கின்றன. துடிப்பைக் கண்காணித்தபடி பயிற்சி கொடுப்பதால் "நடந்தால் மறுபடி வந்துவிடுமோ" என்ற பயம் போகும். கூடவே அதே தழும்போடு நாலு பேரைப் பார்ப்பது பெரிய விஷயம். கூப்பிட்டும் வராதவர்களில் மனச்சோர்வு உள்ளவர்கள்தான் அதிகம். அதனால் முதல் இரண்டு தடவை நீங்களே கூட்டிப் போங்கள்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். அவனுக்கும் இதயத்தைப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னதாக இறக்கிறார்கள், அதில் பெரும்பங்கு இதயநோய் போன்ற உடல்நோய்களால்தான். சில மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். புகைப் பழக்கமும் அதிகம். அவர் நெஞ்சு வலி என்று சொன்னால் "அவன் அப்படித்தான் சொல்வான்" என்று வீட்டிலேயே தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், இடுப்பளவு எல்லாம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சிங்கப்பூரில் யாரிடம் போவது? செலவு? வேலைக்குத் தெரிந்துவிடுமா?

முதலில் உங்கள் இதய மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்), அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி நலத் திட்டத்தில் பதிந்த குடும்ப மருத்துவரிடமோ வாயைத் திறந்து சொல்லுங்கள். எடுத்தவுடனே மனநல மருத்துவரிடம் போக வேண்டும் என்பதில்லை. இதயநோயைப் போலவே மனச்சோர்வும் மனப்பதற்றமும் நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருப்பதால், மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் உள்ள பணத்தை வரம்புக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம்.

பேச ஆள் வேண்டுமானால் 2025-ல் தொடங்கிய தேசிய மனநல உதவி எண் 1771, எந்த நேரமும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் 1767. மனநலக் கழகத்தின் அவசர எண் 6389 2222.

மருத்துவரிடம் சொல்வது முதலாளிக்குப் போய்ச் சேராது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மனநலம் பற்றிக் காரணமில்லாமல் கேட்கக் கூடாது என்று 2020 முதல் வழிகாட்டி உண்டு. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டமும் மனநலத்தைப் பாதுகாக்கப்பட்ட அம்சங்களில் சேர்த்திருக்கிறது.

ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. தங்கும் விடுதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், கண் விழித்ததும் முதலில் கேட்பது "என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்களா" என்பதுதான். வீட்டுக் கடன் தலையில் நிற்கும்போது மாரடைப்பைவிட அந்தக் கேள்விதான் அவரை வதைக்கிறது. வெளிநாட்டு ஊழியர்களுக்காகவே 'ஹெல்த்சர்வ்' என்ற அமைப்பு 2006 முதல் இயங்குகிறது. மருத்துவமும் மனநல ஆலோசனையும் அங்கே கிடைக்கும்.

அப்பா எதுவுமே பேச மாட்டேன் என்கிறார். எப்படிக் கேட்பது?

மருத்துவர்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில், எதைச் செய்யவும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? "பல நாள்" என்றால் இன்னும் ஏழு கேள்வி கேட்பார்கள். 2008-லிருந்தே அமெரிக்க இதயச் சங்கம் இதய நோயாளிகளிடம் இவற்றைக் கேட்கச் சொல்லி வருகிறது. வீட்டில் அப்படியே கேட்டால் நம் அப்பாக்கள் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். மனசைப் பற்றிக் கேட்காமல், கண்ணால் பார்த்த ஒன்றைப் பற்றிக் கேளுங்கள்.

அந்தப் பேருந்து ஓட்டுநரின் மகள் அப்படித்தான் கேட்டார். பரிசோதனை முடிந்த அன்று ராத்திரி, அம்மா தூங்கிய பிறகு, பெட்டியை எடுத்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாராம். தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. "ராத்திரி மாத்திரை மட்டும் ஏம்ப்பா பெட்டியிலேயே இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். ரொம்ப நேரம் கழித்து அப்பா சொன்னார்: "மாத்திரை போட்டா படுக்கணும். படுத்தா எந்திரிப்பேனான்னு தெரியல." மாரடைப்பு வந்தது தூக்கத்தில். ஆறு வாரமாக அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் கண்ணயர்ந்திருக்கிறார். கால் வீக்கத்துக்கும் பகல் களைப்புக்கும் நாங்கள் மருந்தில் காரணம் தேடிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மகள் என்னை அழைத்துச் சொன்னார். மருத்துவர் கொழுப்பு மாத்திரையைக் காலைக்கு மாற்றிக் கொடுத்தார். மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார். அப்பா படுக்கைக்குத் திரும்ப இரண்டு மாதம் ஆனது. முதல் வாரம் மகள் அறைக்கதவைத் திறந்து வைத்து, கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்.